பிரிட்ஜில் 'பாஸ்' சொன்னவர் கையையும் எண்ணுங்கள்

மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் வீடுகளில் ரம்மியும் இருபத்தெட்டும் ஆடிப் பழகியவர்கள் பிரிட்ஜுக்கு வரும்போது ஒரு பழக்கமும் கூடவே வரும்: சீட்டு விழுந்த வேகத்தில் பதில் சீட்டைப் போடுவது. முதலில் அதை விடுங்கள். டம்மி, அதாவது உங்கள் கூட்டாளியின் கை, மேசையில் விரிந்ததும் நிறுத்தி, நிச்சயமான ட்ரிக் (நால்வரும் ஒரு சீட்டு போடும் சுற்றில் வெல்வது) எத்தனை, இன்னும் எத்தனை வேண்டும், எந்த சூட்டிலிருந்து (ஆர்ட்டின், டைமன் போன்ற சீட்டு இனம்) வரும் என்று எண்ணுங்கள். முதல் ட்ரிக்கில் செய்த தவறைப் பத்தாவதில் திருத்த முடியாது.

அடுத்து பாயிண்ட். ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1. சீட்டுக்கட்டில் மொத்தம் 40. உங்களுக்கும் டம்மிக்கும் சேர்த்து 26 என்றால் எதிராளிகளிடம் 14. எத்தனை ட்ரிக் எடுப்போம் என்று முதலில் ஏலம் கேட்க வேண்டிய வலப்பக்கத்தவர் 'பாஸ்', அதாவது கேட்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். ஆட்டத்தில் டைமன் ஏஸ், டைமன் ராஜா, ஆர்ட்டின் ராஜா மூன்றும் அவரிடமிருந்தே வந்தன. அதுவே 10. கிளாவர் ராணியும் இருந்தால் 12. 12 இருந்தால் பொதுவாக ஏலம் கேட்பார்கள், அப்போது அவர் பாஸ் சொல்லியிருக்க மாட்டார். எனவே ராணி இடப்பக்கம். டம்மியில் கிளாவர் ராஜா, 10, 4; உங்களிடம் ஏஸ், ஜாக்கி, 3. ஏஸை ஆடிவிட்டு 3-ஐ இறக்குங்கள். இடப்பக்கத்தவர் சின்னது போட்டால் டம்மியிலிருந்து 10. எந்தப் பக்கம் என்று குருட்டாம்போக்கில் ஊகிக்க வேண்டியதில்லை. ஆனால் 4-3-3-3 கையில் (ஒரு சூட்டில் 4 சீட்டு, மற்ற மூன்றிலும் 3) 12 வைத்துக்கொண்டும் பாஸ் சொல்லும் ஜோடிகள் உண்டு. அவர்களின் ஏல முறையைக் கேட்க விதியில் இடமிருக்கிறது, உங்கள் முறை வரும்போது கேளுங்கள்.

புதியவர்கள் திணறுவது 52 சீட்டையும் நினைவில் வைக்கப் பார்ப்பதால்தான். எதிராளிகளிடம் இருப்பதை மட்டும் எண்ணுங்கள். உங்கள் இரு கையிலும் 8 துருப்பு என்றால் வெளியே 5. அது 3-2 ஆகப் பிரிய 68%, 4-1 ஆக 28%, 5-0 ஆக 4%. இரண்டாம் சுற்றில் ஒருவர் வேறு சூட் போட்டால் மற்றவரிடம் 4 துருப்பு இருந்தது உறுதி. அங்கிருந்து கூட்டிக்கொண்டே போகலாம்: அந்த 4 துருப்புக்காரர் ஏலத்தில் ஆர்ட்டின் 5 காட்டியவர், டைமன் மூன்றாம் சுற்றுவரை போட்டு நான்காவதில் இல்லையென்றால், 4+5+3=12. கைக்கு 13 சீட்டு, எனவே கிளாவர் ஒன்றே ஒன்று.

கூட்டல் தடங்கலில்லாமல் வர 4-4-3-2, 5-3-3-2, 5-4-3-1, 5-4-2-2 அமைப்புகளை வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்யுங்கள். சி.எஸ்.எம்.டி. நிலையம் போகும் லோக்கல் ரயிலில் மூன்று எண்ணைச் சொல்லி நான்காவதைக் கேட்க ஒரு துணை கிடைத்தால் இரண்டு வாரத்தில் பழகிவிடும்.