அலாஸ்காவில் வரிசையிட்டு வாக்களித்த அனுபவம்

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் அலாஸ்கா மாநிலத்தின் ஒரேயொரு ஆசனத்தை 1973 முதல் வகித்த டான் யங் 2022 மார்ச் மாதம் காலமானதால், 2020 நவம்பர் வாக்கெடுப்பில் மயிரிழையில் நிறைவேறிய புதிய தேர்தல் முறையை அங்கரேஜில் வசிக்கும் நாங்கள் எதிர்பார்த்ததற்கு முன்பே பயன்படுத்த நேர்ந்தது.

யங்கின் வெற்றிடத்துக்கான முதற்கட்டத் தேர்தல் தபால் மூலம் நடந்தது. கட்சி வேறுபாடின்றி 48 பேரின் பெயர்கள் ஒரே சீட்டில் அச்சாகியிருந்தன. அவர்களுள் சாண்டா கிளாஸ் என்று சட்டப்படி பெயர் மாற்றிக்கொண்ட நார்த் போல் நகரசபை உறுப்பினரும் ஒருவர். ஒருவரை மட்டும் தெரிவுசெய்ய வேண்டும், முதல் நால்வர் முன்னேறுவர். உறையின் மேல் சாட்சி ஒருவரின் கையொப்பமும் தேவை என்பதைக் கடைசி நேரத்தில் கவனித்து, அயலவரின் கதவைத் தட்டினேன்.

நால்வரில் ஒருவர் விலகிவிட, ஓகஸ்ட் 16ஆம் திகதி ஜனநாயகக் கட்சியின் மேரி பெல்டோலா, குடியரசுக் கட்சியின் சாரா பேலின், நிக் பெகிச் ஆகிய மூவருமே எஞ்சியிருந்தனர். உண்மையான சிக்கல் அன்றுதான் தொடங்கியது. சீட்டின் ஒரு பக்கத்தில் இந்த மூவரையும் வரிசைப்படுத்த வேண்டும்; எவரும் பாதிக்கு மேல் பெறாவிட்டால் கடைசி இடத்தவர் நீக்கப்பட்டு, அவருடைய சீட்டுகள் அடுத்த தெரிவுக்குச் செல்லும். மறுபக்கத்திலோ வழமையான நவம்பர் தேர்தலுக்கான முதற்கட்டம் என்பதால் ஒவ்வொரு பதவிக்கும் ஒருவரை மட்டுமே குறிக்கலாம். இலங்கையின் ஜனாதிபதித் தேர்தலிலும் 1, 2, 3 என்று விருப்பு வாக்கு இடலாம் என்றாலும், நான் அங்கு ஒரு புள்ளடியுடன் நிறுத்திக்கொண்டவள். முதல் தெரிவு பெகிச் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. எனக்கு உடன்பாடில்லாத இருவரில் எவரை இரண்டாவதாக வைப்பது என்றுதான் நெடுநேரம் நின்றேன். கடைசியில் பெல்டோலாவின் வரியில் இரண்டாம் நிரலின் நீள்வட்டத்தை நிரப்பினேன். என் கணவர், பிடிக்காதவருக்கு இலக்கம் இடுவதே ஒருவகை ஆதரவு என்று சொல்லி, பெகிச்சுடன் நிறுத்திவிட்டார்.

தூர இடங்களின் தபால் வாக்குகள் வந்துசேர வேண்டியிருந்ததால் இரண்டாம் சுற்று எண்ணிக்கை ஓகஸ்ட் 31ஆம் திகதிதான் நேரலையில் வெளியானது. சுமார் 40 சதவீதத்துடன் முன்னணியிலிருந்த பெல்டோலா, மூன்றாமிடத்துப் பெகிச் நீக்கப்பட்ட பின் 51.5 சதவீதத்துடன் வென்றார். என் சீட்டு அவரிடம் சென்றது. என் கணவருடையது, அடுத்த தெரிவு இல்லாமல் கணக்கிலிருந்து விலகிய 11,000க்கும் மேற்பட்ட சீட்டுகளுள் ஒன்றாயிற்று. நவம்பரில் அவர் நீள்வட்டங்களை நிரப்ப என்னைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். யாருக்கு எந்த இலக்கம் என்று இன்றுவரை சொல்லவில்லை.