கடல் குதிரைக்கு வயிறு கிடையாது

கடல் குதிரை வளர்க்க ஆசை என்று சொல்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது தொட்டி எத்தனை லிட்டர் இருக்க வேண்டும் என்றுதான். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

அதற்கு வயிறும் கிடையாது, பல்லும் கிடையாது. குழாய் போன்ற வாயால் இரையை அப்படியே உறிஞ்சி விழுங்கும், அது பாதி செரித்தும் செரிக்காமலும் குடலைத் தாண்டி வெளியே போய்விடும், அதனால் தினமும் இரண்டு மூன்று வேளையாவது போட்டே ஆக வேண்டும். போடுவது உறையவைத்த மைசிஸ் இறால். ஆர்ட்டீமியா என்ற குட்டி உப்புநீர் இறால் மலிவுதான், ஆனால் சத்து ஏற்றாமல் அதை மட்டுமே கொடுத்தால் தின்றுகொண்டே இளைக்கும். ஆட்டோமேட்டிக் ஃபீடர் இதற்கு உதவாது, வெளியூர் போனால் விஷயம் தெரிந்த ஆள் ஒருவர் வந்து போட வேண்டும்.

கடலில் பிடித்ததை வாங்காதீர்கள். உயிருள்ள இரையைத் தவிர வேறெதையும் பெரும்பாலும் தொடாது, ஒட்டுண்ணியும் கூடவே வரும். எல்லா கடல் குதிரை இனங்களும் 2004 முதல் காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன, சில நாடுகளில் இதைவிடக் கடுமையான சட்டம் உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பண்ணையில் பிறந்து மைசிஸ் தின்று பழகியதுதான் நமக்குச் சரி, கடையில் உங்கள் கண்முன்னே தின்றால்தான் வாங்குவேன் என்று நின்றுவிடுங்கள்.

இத்தனை வேளை போட்டால் மிச்சமும் அடியில் சேரும். தண்ணீர் சூடாக இருந்தால் விப்ரியோ பாக்டீரியா பெருகும், கடல் குதிரைக்குப் பெரிய எதிரி அதுதான். அதனால் பவளத் தொட்டியைவிடக் குளிராக, 22 முதல் 24 டிகிரி செல்சியஸுக்குள் வைப்பது வழக்கம். வெயில் காலத்தில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் இது நடக்காது, பட்ஜெட்டில் முதலில் அதை எழுதுங்கள். ஹீட்டர் வைத்தால் கூண்டு போட்டு மூடுங்கள், வாலைச் சுற்றிப் பிடித்துச் சுட்டுக்கொள்ளும்! அனிமோன் என்ற கொட்டும் கடல் உயிரியும் வேண்டாம், கம்பு என்று நினைத்து அதையும் பிடிக்கும், கொட்டு வாங்கும். க்ளவுன், டாங் மாதிரி வேகமான மீன்களோடு விட்டால் இது யோசித்து முடிப்பதற்குள் தட்டு காலி. நத்தைகள் இருக்கலாம்.

தொட்டி அகலத்தைவிட உயரம் முக்கியம், வளர்ந்த கடல் குதிரையின் உயரத்தைப் போல மூன்று மடங்காவது வேண்டும். ஜோடி சேரும்போது இரண்டும் மேல்நோக்கி எழும்பும், அப்போதுதான் பெண் தன் முட்டைகளை ஆணின் பைக்குள் விடும். அப்புறம் சுமப்பதும் பெறுவதும் அப்பாதான், சில இனங்களில் ஒரே ஈற்றில் நூற்றுக்கணக்கில். பெற்றதோடு சரி, வளர்ப்பதெல்லாம் கிடையாது. அந்தக் குஞ்சுகளுக்குப் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவோ கோபிபாட் என்ற மிகச் சிறிய நீர் உயிரியோ உயிரோடு, நாள் முழுக்க, தனித் தொட்டியில் கொடுக்க வேண்டும், அப்படியும் நிறைய செத்துப்போகும். நான் அதில் இறங்கவில்லை, பெரியதுகளுக்கு மைசிஸ் கழுவிப் போட்டு மிச்சத்தை உறிஞ்சி எடுப்பதற்கே நேரம் சரியாக இருக்கிறது.