நான்கு வயதுக் கையும் நான்கு கோட்டு நோட்டும்

பாபநாசத்தை ஒட்டிய ஊர் ஒன்றில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எல்கேஜி படிக்கும் என் பேத்தி சென்ற மாதம் ஒரு மாலையில் இரண்டு நோட்டுகளை என் மடியில் வைத்துவிட்டு, "கை வலிக்குது அம்மாச்சி, நீயே எழுதிக் குடு" என்றாள். இரட்டைக் கோட்டு நோட்டில் ஒரு பக்கம் முழுவதும் ‘அ’. நான்கு கோட்டு நோட்டில் ஒரு பக்கம் ஆங்கிலச் சிறிய எழுத்து. சித்திரையில்தான் அவளுக்கு நான்கு வயது நிறைந்தது.

வலிக்கிறது என்று அவள் சொன்னது சாக்கு அல்ல. பிறக்கும்போது மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. பின்னர் ஒவ்வொன்றாக இறுகி, கடைசி எலும்பு இறுகத் தொடங்குவதற்கே எட்டு வயதுக்கு மேல் ஆகிவிடுகிறது. பென்சிலை விரல் நுனியில் நிறுத்திப் பிடிக்கும் சிறு தசைகளும் நான்கு வயதில் தேறியிருப்பதில்லை என்பதால், பிள்ளை தோளிலிருந்து முழுக் கையையும் இழுத்து எழுதிச் சீக்கிரமே களைத்துப்போகிறது. அதிலும் ‘அ’ என்பது சுழி, வளைவு, படுக்கைக்கோடு, நிமிர்ந்த கோடு எல்லாம் சேர்ந்த எழுத்து. நெடுங்கணக்கில் முதலில் நிற்பதாலேயே எழுதுவதற்கும் அதுவே முதலாக இருக்க வேண்டியதில்லை. ‘ட’வும் ‘ப’வும் வெறும் நேர்கோடுகள்தாம். இவ்வளவும் எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. பணியில் சேர்ந்த புதிதில், எழுத்தைத் திருப்பிப் போட்ட பிள்ளைகளின் விரல் முட்டியில் அளவுகோலால் தட்டியவள்தான் நானும்.

விஜயதசமியன்று கூத்தனூர் சரசுவதி கோயிலில் பிள்ளையின் விரலைப் பிடித்து நெல்லில் எழுதவைக்கிறோம். அங்கே பென்சில் கிடையாது. எழுத்தின் வடிவத்தை விரல் தொட்டே அறிகிறது. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பழகும்படி செய்ததும் ஏறத்தாழ இதே முறைதான். நாமோ அந்த ஒரு நாள் நெல்லில் எழுதவைத்துவிட்டு, மறுநாளே நோட்டுக்குத் தாவிவிடுகிறோம்.

கணக்கிலும் இதே அவசரம்தான். பேத்தி நூறு வரை தடையின்றி ஒப்பிப்பாள். பல்லாங்குழிக்கு ஏழு புளியங்கொட்டை எடுத்துவரச் சொன்னால் கை நிறைய அள்ளி வருவாள். ஒரு நாள் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு படிகளில் நெல்லைச் சமமாக அளந்து, ஒன்றை மட்டும் தாம்பாளத்தில் கொட்டிப் பரப்பி, எதில் அதிகம் என்று கேட்டேன். தாம்பாளத்தையே காட்டினாள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் அவள் அண்ணன், "அதே நெல்லுதானே!" என்று சிரித்தான். சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே இத்தகைய சோதனைகளை வைத்துத்தான், ஏழு வயதை ஒட்டியே பிள்ளைகளுக்கு இந்தத் தெளிவு பிறக்கிறது என்று விளக்கினார். அண்ணன் அவளைவிடக் கெட்டிக்காரன் என்று இதற்குப் பொருளில்லை. அவன் மூன்று வயது மூத்தவன், அவ்வளவே.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதிலிருந்தே தொடங்குகிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் மூன்று முதல் எட்டு வயது வரை ஒரே அடித்தளப் பருவமாகக் கொண்டு, விளையாட்டு வழிக் கற்றலையே முன்வைக்கிறது. இதை எடுத்துச் சொன்னபோது என் மருமகன், "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா அத்தை?" என்றார். பழமொழியே ஐந்து என்றுதான் சொல்கிறது மாப்பிள்ளை, நான்கு என்று சொல்லவில்லையே என்றேன்.

பள்ளிக்கும் போய்ப் பேசினேன். அந்த இளம் ஆசிரியை என்னை மறுக்கவில்லை. "நோட்டு காலியா இருந்தா பெத்தவங்களே வந்து சண்டை போடுறாங்க மேடம்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்த நோட்டு பிள்ளைக்காக அல்ல, நமக்காகவே நிரப்பப்படுகிறது. முடிவில், அரைப் பக்கம் நிமிர்ந்த கோடும் சாய்ந்த கோடும் போட்டால் போதும் என்று ஒத்துக்கொண்டார்.

இப்போது மாலைகளில் பேத்தி என்னுடன் உட்கார்ந்து வேர்க்கடலை உரிக்கிறாள். வாய்க்கால் களிமண்ணில் பாம்பு உருட்டுகிறாள். அதையே சுருட்டிச் சுழி என்கிறாள். ‘அ’ பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. என் மகள் இரண்டு நாளைக்கு ஒருமுறை அந்த நோட்டைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மூடி வைக்கிறாள்.