மாத்திரை ஏழரைக்கு, சாப்பாடு பத்து மணிக்கு

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இவ்வளவு காலமும் வீட்டில் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். கல்யாண வீட்டில் ஜாங்கிரியைக் கிள்ளினால் நான் முறைப்பேன். காபியில் சீனி போட்டாயா என்று அப்பா கேட்பார். டாக்டரிடம் போனாலும் இதே புகார்தான். அம்மா எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்பது மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை. பொங்கல் வைத்துச் சாமி கும்பிட்ட பிறகுதான் சாப்பாடு. மாத்திரையை மட்டும் வழக்கம்போல ஏழரைக்கே போட்டுவிட்டார். ஒன்பதரை இருக்கும். அடுப்படியிலிருந்து என் மகள் ஓடிவந்து, "அப்பா, அப்பத்தாவுக்குக் கை நடுங்குது, கூப்பிட்டா பதிலே சொல்லல" என்றாள். போய்ப் பார்த்தால் ஜாக்கெட் தொப்பலாக நனைந்திருக்கிறது. கரண்டியைப் பிடித்தபடி என்னை யாரோ போலப் பார்க்கிறார். விரலில் குத்திப் பார்த்தோம். 52. எழுபதுக்குக் கீழே போனாலே லோ சுகர்.

நல்லவேளை, விழுங்க முடிந்தது. மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கி என் மனைவி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தாள். (மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். அப்போது உடனே 108தான்.) பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி குத்தினோம். 84. அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிடவைத்தோம்.

மறுநாள் டாக்டர் கேட்டது ஒரே கேள்வி. "மாத்திரை போட்டு எவ்வளவு நேரத்துல சாப்பிடுறீங்க?"

"எல்லாரும் சாப்பிட்டதும்" என்றார் அம்மா.

அவர் போடுவது கிளிமிபிரைடு. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. வயிறு காலியாக இருக்கிறதே என்று அது காத்திருக்காது, சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். அதனால்தான் காலைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போடச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டிலோ தோசை கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வர வேண்டும். முதலில் அப்பா, பிறகு பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, பிறகு நான், என் மனைவி. கல்லுக்கு முன்னால் நிற்பவருக்குக் கடைசித் தோசை, அதுவும் பத்து மணிக்கு. எத்தனை நாள் காலையில் "தலை கிறுகிறுன்னு வருது" என்றிருக்கிறார்! வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது. அவர்களில் எத்தனை பேர் ஊருக்கெல்லாம் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும் அம்மாக்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இப்போது மாத்திரை டப்பா சாமி அலமாரியில் இல்லை, அம்மாவின் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எட்டு மணிக்கு அவர்தான் முதலில் உட்கார வேண்டும். விரத நாள் வருகிறதென்றால் மாத்திரையை என்ன செய்வது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்கிறோம். குத்திப் பார்த்த அளவை என் மகள் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதி, கிளிப்பில் சேர்த்து வைக்கிறாள். விரல் நுனியில் குத்தாமல் ஓரமாகக் குத்தினால் வலி குறைவு என்று அப்பத்தாவுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். ராத்திரியில் அப்பா டார்ச் அடித்து அம்மாவின் பாதத்தையும் விரல் இடுக்கையும் பார்க்கிறார். உச்சி வெயிலில் கோயில் பிரகாரம் சுற்றிவிட்டுக் கொப்புளத்தோடு வந்து, சுட்டதே தெரியவில்லை என்று அம்மா சொன்ன நாளிலிருந்து இது நடக்கிறது.

முதலில் உட்காருவதற்கு அம்மாவுக்கு இன்னும் கூச்சம்தான். எழுபத்தொரு வயதில் தோசை ஊற்றப் பழகும் அப்பாவின் முதல் தோசை எப்படியும் கல்லோடு ஒட்டிக்கொள்ளும். பிய்ந்த தோசையைச் சட்னியில் தொட்டுக்கொண்டே, அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் அம்மா சொல்வார்: "ஏங்க, கல்லு காயுது பாருங்க. சிம்ல வைங்க."