மணலில் 118 முட்டைகள்

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். தூக்கமில்லாமல் கண் எரிகிறது, மனம் நிறைந்திருக்கிறது. நேற்றிரவு நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலிலேயே நடந்தோம். ஆமை முட்டைகளைக் காக்க 1988 முதல் மாணவர்கள் பருவந்தோறும் இரவில் நடக்கும் கரை அது. தம்பி மகன்தான் விடாப்பிடியாக அழைத்துப் போனான்.

கொட்டிவாக்கம் தாண்டியதும் முன்னே சென்றவர்கள் கையமர்த்தி நிறுத்தினார்கள். பங்குனி ஆமை. பின்துடுப்புகளால் குழி பறித்துக்கொண்டிருந்தது. ஒரு துடுப்பு உள்ளங்கைபோல் குவிந்து மணலை அள்ளி மேலே வைக்கிறது. மற்றது விளிம்பில் சரியும் மணலைத் தட்டி ஒதுக்குகிறது. பிறகு முறை மாறுகிறது. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனாலும் குழி ஒன்றரை அடி ஆழத்தில், வாய் குறுகி அடி அகன்று, குடம்போல் அமைந்துவிட்டது. முட்டைகள் இரண்டும் மூன்றுமாக விழுந்தன. மூடியபின் தன் உடம்பையே இடமும் வலமுமாகச் சாய்த்துத் தொம் தொம் என்று மணலைக் கெட்டிப்படுத்தியது. அந்த அதிர்வு என் பாதத்தில் ஏறியது. கடலுக்குத் திரும்பிய அந்தத் தாய் குஞ்சுகளின் முகத்தைப் பார்க்கப்போவதே இல்லை. 118 முட்டைகள். மாணவர்கள் எண்ணி எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள்.

முட்டைகளை மண்ணில் விட்டுப்போகும் தீக்குருவியைப் (நெருப்புக்கோழியைப்) பற்றி வேதாகமத்தில் யோபு 39-இல் கர்த்தரே பேசுகிறார். அதற்குப் புத்தியைக் கொடுக்கவில்லை என்கிறார். அப்படியும் தம் படைப்புகளைச் சொல்லிவரும் வரிசையில் அதையும் விடாமல் சொல்கிறார். நேற்றிரவு அந்த அதிகாரம் எனக்குத் திறந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

தம்பி மகன் தொலைபேசியில் பிடித்துக்கொண்டான். "அத்தை, கடலாமை இனம் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையது. குழி தோண்டும் பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்தது. அதில் கடவுள் எதற்கு?"

1802-இல் வில்லியம் பேலி என்ற ஆங்கிலப் பாதிரியார், வெட்டவெளியில் கடிகாரம் கிடந்தால் அதைச் செய்தவன் ஒருவன் உண்டல்லவா என்று வாதிட்டார். நானும் ஞாயிறு பள்ளியில் அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இப்போது அதில் எனக்கு மனம் ஒட்டவில்லை. கடிகாரம் செய்தவன் விற்றுவிட்டுப் போய்விடுவான். சங்கீதம் 104-இன் தேவனோ கையைத் திறந்து உயிர்களுக்கு இன்றைய இரையைக் கொடுக்கிறார். அவர் பத்துக் கோடி ஆண்டுகள் எடுத்துக்கொண்டு செய்தார் என்றால் எனக்கு மறுப்பில்லை. லீஸ்திரா ஊரில் அப்போஸ்தலர் பவுல் மழையையும் விளைச்சலையும் காட்டியபோது பேசியது, தேவன் தம்மைக் குறித்து வைத்திருக்கும் சாட்சியைப் பற்றி. சாட்சி சொல்பவரை நம்பலாம், நம்பாமலும் போகலாம். அவனிடம் இதைத்தான் சொன்னேன். "யோசிக்கிறேன் அத்தை" என்றான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மாலையில் திருவான்மியூர் கரையில் செத்த ஆமை ஒன்று. கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தது. கடந்த மாதம் சென்னைக் கரையில் இப்படி நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல்தான், மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலைக்குள் மாட்டினால் மூழ்கிச் சாகிறது.

இதுவும் சாட்சியா என்று அவன் கேட்டால்? சிருஷ்டி முழுதும் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது என்று ரோமர் 8 சொல்கிறது. பவுல் அதை மறைக்கவில்லை. நான் ஜெபித்தேன், அழுதேன். வேறொன்றும் எழுத வரவில்லை.

மார்ச் 27, வியாழன்

47-ஆம் நாள். பொரிப்பகத்தில் நம் முட்டைகளைப் புதைத்த குழி பொரிந்துவிட்டது!

அந்தி மங்கும் நேரம். மணல் முதலில் கிண்ணம்போல் உள்வாங்கியது. பிறகு ஒரு கரிய மூக்கு. அப்புறம் கொதிக்கும் உலைபோல் மொத்தக் குழியும் அசைந்தது. உள்ளங்கையில் பாதிகூட இல்லாத குஞ்சுகள், முதுகெல்லாம் மணல். மண்ணின் சூடு கூடியிருந்தால் பெண், குறைந்திருந்தால் ஆண் என்று ஒரு மாணவி சொன்னாள்.

குஞ்சுகளைக் கரையில் விட்டார்கள். யாரும் வழிகாட்டவில்லை. இரவில் நிலத்தைவிடக் கடலின் தொடுவானம் வெளிச்சமாக இருக்கும். அதைப் பார்த்து ஓடும்படி அவற்றைப் படைத்திருக்கிறார். சங்கீதம் 19-இல் வானங்கள் பேச்சில்லாமல் பேசுகின்றனவே, அந்தப் பேச்சு இந்தச் சின்னக் கண்களுக்குக் கேட்டுவிடுகிறது! ஆனால் நாம் கரையோரம் வரிசையாக விளக்குகளை நட்டுவைத்திருக்கிறோம். ஏழெட்டுக் குஞ்சுகள் சாலைப் பக்கம் திரும்பிவிட்டன.

தம்பி மகன் சட்டென்று சாலைக்கு முதுகைக் காட்டி, துண்டை அகல விரித்துப் பிடித்து நின்றான். நானும் அவன் பக்கத்தில் போய் முந்தானையை விரித்துப் பிடித்தேன். நிழல் விழுந்த இடத்தில் குஞ்சுகள் ஒரு கணம் தயங்கின, தலையைத் தூக்கின, கடல் பக்கம் திரும்பின.