உட்ரெக்ட்: அகழிக்குத் திரும்பிய நீர்

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ரயிலை விட்டு இறங்கி, நிலையத்தை ஒட்டியிருக்கும் ஹோக் காத்தரைன வணிக வளாகத்தைக் கடந்து பழைய நகரை நோக்கி நடந்தால், வழியில் ஒரு நீர்ப்பரப்பு குறுக்கிடுகிறது. காத்தரைனசிங்கெல் எனப்படும் அந்தக் கால்வாயைப் பார்ப்பதற்காகவே நான் அங்கே போயிருந்தேன். நான் நின்றுகொண்டிருந்த கரைக்கு எதிரே, ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு, நீரை வடித்துவிட்டு அகழியின் பள்ளத்திலேயே மோட்டார் வாகனச் சாலை போட்டிருந்தார்கள் என்பதை, அல்லியிலைகள் மிதந்த அந்த நீரைப் பார்த்தபடி நம்புவது எளிதாக இல்லை.

1122-இல் நகர உரிமை பெற்ற பிறகு உட்ரெக்ட் மக்கள் தங்கள் ஊரைச் சுற்றி வெட்டிய காவல் அகழி இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதில்களை இடித்தபோது, யான் டாவிட் ஸோக்கர் என்ற தோட்டக் கலைஞரின் திட்டப்படி கரையெங்கும் மரங்களும் வளைந்த நடைபாதைகளுமாகப் பூங்கா அமைந்தது. 1958-இல் ஃபாயிக்டிங்கர் என்ற ஜெர்மானியப் போக்குவரத்துப் பொறியாளர், அகழியைத் தூர்த்து நகரைச் சுற்றிச் சாலை போடும்படி யோசனை சொன்னார். எதிர்ப்பு எழுந்ததால் தெற்கும் கிழக்கும் தப்பின. ரயில் நிலையத்தை ஒட்டிய மேற்குப் பகுதி தப்பவில்லை. 1973-இல் அங்கே சாலை திறக்கப்பட்டது. எங்கிருந்தோ வந்து எங்கும் போய்ச் சேராத துண்டுச் சாலையாகவே அது கடைசிவரை இருந்தது.

அகழி என்பது ஒரு வளையம். அதில் ஒரு பகுதி அறுபட்டால் மிச்சமிருப்பது இரண்டு முட்டுச்சந்துகள்தான். படகு சுற்றி வர முடியாது, கரையோரம் நடப்பவரும் பாதியில் திரும்ப வேண்டும். எஞ்சிய கரைகளை எவ்வளவு அழகாகப் பராமரித்தாலும் இந்தக் குறை தீர்ந்திருக்காது என்பது, ஊரைச் சுற்றி வந்த பிறகு எனக்கு உறுதியாகப் புரிந்தது. 2002-இல் நிலையப் பகுதியின் எதிர்காலம் குறித்து நகரில் பொது வாக்கெடுப்பு நடந்தபோது, மக்கள் நீரைத் திரும்பக் கொண்டுவரும் திட்டத்தையே தேர்ந்தெடுத்தார்கள். அந்த வாக்கு முழுமையாக நிறைவேறப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. பகுதி பகுதியாகச் சாலையைப் பெயர்த்தெடுத்து, 2020 செப்டம்பர் 12 அன்று ஏறத்தாழ 6 கிலோமீட்டர் வளையத்தை மீண்டும் இணைத்தார்கள். கரைப் பூங்காவை வடிவமைத்த ஓக்ரா நிறுவனத்தின் பணிக்கு 2022-இல் நகர்ப்புறப் பொதுவெளிக்கான ஐரோப்பிய விருது கிடைத்தது.

விருதைவிட என் மனத்தில் நிற்பது ஒரு கூடு. நாணல் புதருக்குள், நெற்றியில் வெள்ளைத் தகடு துலங்கும் நாமக்கோழி ஒன்று, காய்ந்த தண்டுகளோடு ஒரு நீலப் பிளாஸ்டிக் நாடாவையும் சேர்த்துப் பின்னிக் கூடு கட்டியிருந்தது. அதிலிருந்து நாலடி தூரத்தில், படிக்கட்டில் அமர்ந்து அலுவலகப் பெண்கள் இருவர் மதிய உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பறவையும் அவர்களைப் பொருட்படுத்தவில்லை. நகர மையத்துக்கு உயிர் திரும்பியது என்று திட்ட அறிக்கைகளில் எழுதுவதன் பொருள் எனக்கு அந்தப் படிக்கட்டில்தான் விளங்கியது. கடைக்கு வந்தவர்கள் வேலை முடிந்ததும் கிளம்பிவிடாமல், காசு செலவில்லாமல் உட்கார அங்கே இடம் இருக்கிறது.

பிற்பகலில் துடுப்புப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். வணிக வளாகத்தை இடிக்காமல் அதன் அடியிலேயே நீருக்கு வழிவிட்டிருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் வெயில் அற்றுப்போய்க் காற்று குளிர்ந்தது. தலைக்கு மேலே நூற்றுக்கணக்கானோர் நடந்துகொண்டிருக்க, கீழே துடுப்பிலிருந்து சொட்டிய நீரின் ஓசை மட்டும் சுவர்களில் பட்டுத் திரும்பி வந்தது. சில நிமிடங்களில் மறுபுறம் வெளிச்சம் தெரிந்தது. எதிரே வந்த படகிலிருந்த சிறுமி கையசைக்க, நானும் கையசைத்துவிட்டு, காலையில் நடந்து பார்த்த கிழக்குக் கரை மரங்களை நோக்கித் துடுப்பு போட்டேன்.