செருப்பைப் பற்றி எழுதச் சொன்ன தமிழ் சார்

தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் எதில் படித்தவருக்கும் இந்தச் சங்கடம் தெரிந்திருக்கும். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம். மூன்றிலும் நன்றாக வாயடிப்போம். தமிழில் ஒரு பக்கம் எழுது என்றால் மட்டும் பேனா நகராது. கட்டுரை என்றாலே முன்னுரை, பொருளுரை, முடிவுரைதான். "நமது பாரதத் திருநாட்டின் தலைநகராம் தில்லியில்" என்று ஆரம்பித்து, நோட்ஸில் இருந்ததை இறக்கிவைத்து, "எனவே நாமும் பாடுபடுவோமாக" என்று முடித்துவிடுவோம். மார்க்கும் வந்துவிடும். எழுத வந்ததா என்றால், இல்லை.

1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது நாங்கள் ஒன்பதாம் வகுப்பு. ஊரெல்லாம் போட்டியின் சின்னமான அப்பு யானை படம், புது மேம்பாலங்கள், கலர் டிவி பேச்சு. தமிழ் சார் போட்டியைப் பற்றி எழுதச் சொன்னார். வகுப்பு மொத்தமும் ஒரே கட்டுரையைத்தான் கொடுத்தது, கையெழுத்துதான் வேறு. சார் திட்டவில்லை. மறுநாள் வந்து, "போட்டியை யார் வீட்டு டிவியில பார்த்தீங்க?" என்று கேட்டார். எங்கள் குவார்ட்டர்ஸில் முக்கால்வாசி வீடுகளில் டிவி கிடையாது. ஆளுக்கொரு வீட்டைச் சொன்னோம். "சரி, அந்த வீட்டு வாசல்ல கிடந்த செருப்புகளைப் பத்தி மட்டும் எழுதுங்க. பத்து நிமிஷம்."

சிரித்தோம். அப்புறம் எழுதினோம். கடைசி பெஞ்சில் ஒருவன் உண்டு. நம் பழைய மாணவர்களின் இந்த மலரைப் படிப்பான், பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவான். அதுவரை கட்டுரை நோட்டில் தலைப்பைத் தாண்டாதவன். அவன் எழுதியது கீழ்வீட்டு பஞ்சாபித் தாத்தாவைப் பற்றி. தாத்தா தன் வீட்டுக்குள் செருப்போடுதான் நடப்பாராம். மாடியில் தமிழர் வீட்டுக்கு டிவி பார்க்க வரும்போது மட்டும் வாசலிலேயே கழற்றுவாராம். அதுவும் சேர்த்து வைக்கமாட்டார். யாரும் மாட்டிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று ஒன்றை ஜன்னலடியிலும் மற்றதைப் படிக்கட்டிலுமாகப் பிரித்து வைப்பாராம். சார் அதை உரக்கப் படித்தார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"எதையாவது எழுது" என்றால் எதைத் தொடுவது என்று திகைப்புதான் வருகிறது. திகைத்தவன் நோட்ஸைத் தேடுகிறான். தாத்தாவின் செருப்புக்கு நோட்ஸ் கிடையாது. பார்த்தவன் அவன் ஒருத்தன்தான் என்பதால், தப்பு என்று சொல்லவும் ஆளில்லை. அவனுக்குத் துணிச்சல் வந்தது அங்கேதான்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் சார் கரும்பலகையில் ஒரு வரி எழுதிப் போடுவார், நாங்கள் எழுதுவோம். பேனாவைத் தாளிலிருந்து எடுக்கக் கூடாது. தமிழ்ச் சொல் வராவிட்டால் ரஜாய் (பஞ்சுப் போர்வை), அங்கீட்டி (கரி அடுப்பு) என்று இந்திச் சொல்லையே தமிழில் எழுதிவிட்டு மேலே போகலாம். பரீட்சைத் தாளில் ஒரு றகரம் ரகரமானால் காதைத் திருகுகிற மனிதர், வெள்ளிக்கிழமை நோட்டில் சிவப்பு மையால் ஒரே ஒரு வரியை அடிக்கோடிட்டுத் தருவார், நன்றாக வந்த வரியை. "பிழையெல்லாம் அடுத்த வாரம் பார்த்துக்கலாம், எங்கே ஓடிப்போகுது?" என்பார்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டோம். நம்ம ஆட்களுக்கு இது புதுசா என்று திருப்பிக் கேட்டார். செருப்பில் தொடங்கி விளக்குமாற்றில் முடியும்படி முருகன்மேல் பாடச் சொன்னபோது காளமேகம் பாடிக் காட்டினார் என்பார்கள். எட்டயபுரத்தில் 'பாரதி சின்னப்பயல்' என்று ஈற்றடி கொடுத்து மட்டம் தட்டப் பார்த்தவர் கதையும் எல்லோருக்கும் தெரியும். அந்த ஈற்றடி வழக்கத்தைச் சார் உரைநடைக்கு இறக்கினார். "அதற்குள் பால் பூத்தை மூடிவிட்டார்கள்" என்று கடைசி வாக்கியத்தைக் கொடுத்துவிட்டு, அங்கே வந்து முடிகிற மாதிரி எழுதச் சொன்னார். டோக்கனைத் தொலைத்த தம்பி, வழியில் பேச்சுக்கு நிறுத்திய மாமி என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே திட்டமிட்டுத்தான் நுழைக்க வேண்டியிருந்தது. கதைக்கு முடிச்சு போடுவதை அதில்தான் கற்றேன்.

பார்வையை மாற்றக் கற்றது பஸ்ஸில். பள்ளிக்கு வந்த பயணத்தை டிடிசி (தில்லி போக்குவரத்துக் கழகம்) கண்டக்டர் சீட்டிலிருந்து எழுது என்றார். தில்லிக் கண்டக்டர் எழுந்து வரமாட்டார், பின்வாசல் பக்கம் உட்கார்ந்தபடியே டிக்கெட் கிழிப்பார். அங்கிருந்து பார்த்தால் ஏறும்போது ஒரு கணம் முகம், அப்புறம் எல்லாம் முதுகும் பின்னந்தலையும்தான். தினமும் போன பஸ்தான், எனக்கு அது அன்றுவரை தோன்றியதில்லை.

எல்லாவற்றிலும் கஷ்டமானது இன்லண்ட் லெட்டர். ஊரிலிருக்கும் பாட்டிக்கு எழுதும்போது எதைச் சொல்லாமல் விடுகிறீர்களோ, அதை எழுதச் சொன்னார். "இங்கு அனைவரும் நலம்" என்பதற்குக் கீழே ஒவ்வொரு வீட்டிலும் என்னவோ இருந்தது. அந்த நோட்டுகளை மட்டும் சார் வகுப்பில் படிக்கவில்லை. திருப்பித் தரும்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

பதினொன்றாம் வகுப்பில் வரி கொடுப்பதையே நிறுத்திவிட்டார். பக்கத்தில் இருப்பவனுக்கு நீயே ஒரு கேள்வி கொண்டுவா என்றார். பலருக்கு அது பிடிக்கவில்லை, கொடுத்தால் எழுதுகிறோமே என்று முனகினோம். ஆனால் ஒருவனைக் கவனித்தால்தான் அவனுக்கான கேள்வி கிடைக்கும். கேள்வி தேடி அலைந்தவர்கள்தான் பிற்பாடு எங்கள் செட்டில் எழுத வந்தார்கள்.

இப்போது நான் இருக்கும் ஊரில் நடத்தும் வாரக்கடைசித் தமிழ் வகுப்பில் நானும் சாரின் வழியைத்தான் பிடித்திருக்கிறேன். 'எனக்குப் பிடித்த பண்டிகை' என்றால் பிள்ளைகள் மூன்று வரியில் முடிக்கிறார்கள். 'தீபாவளிக்கு லீவு கேட்டபோது உன் அம்மா ஆபீசில் என்ன சொன்னாள்?' என்றால் பக்கத்தைத் திருப்புகிறார்கள். 'நீ ஒரு மேகமானால்' வகைக் கேள்விகள் இப்போது நிறையப் புழங்குகின்றன. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. மேகமாக இருந்து பழக்கமில்லாத குழந்தை நேரே பாடுபடுவோமாகவுக்குத்தான் போய்ச் சேரும்.

எழுத வராது என்று சொல்லும் நண்பர்களுக்கு, அடுத்த மலருக்காகச் சில கேள்விகள். குளிர்காலத்தில் வகுப்பை வெயிலுக்கு மாற்றியபோது தின்ற வேர்க்கடலையின் தோலை எங்கே ஒளித்தீர்கள்? கோடை லீவில் ஜி.டி. எக்ஸ்பிரஸ்ஸில் உங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தூக்கை முதலில் திறந்தது ஆக்ராவுக்கு முன்பா, பின்பா? யார் பொறுக்க முடியாமல் திறந்தது? பத்து நிமிடம் உட்காருங்கள். எழுதியதை அப்படியே மலர்க் குழுவுக்கு அனுப்புங்கள், றகர ரகரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.